சுறா எண்ணெயில் ஊறிய ஜீப்

மச்சான்,

நாளைக்கு உன் நினைவுக்கு ஓதுகிற ஆண்டுக் கத்தம். கொண்டச்சிக்குப் போகமுதல் சரிபார்க்க இன்று காலை ஜீப்பைக் கொட்டிலுக்கு வெளியே எடுத்தேன். எஞ்சின் கொஞ்சம் சூடேறியதும் அந்த மணம் வந்துவிட்டது. எத்தனை தரம் கழுவியும், எத்தனை தரம் பெயின்ட் அடித்தும் போகாத சுறா எண்ணெய் மணம். அடுத்த வீட்டுப் பூனை மதிலில் வந்து குந்திக்கொண்டது. நீ இருந்திருந்தால், "சூசை, உன்ட வாடிக்கையாள் வந்திட்டார்" என்று சொல்லியிருப்பாய். நான் எஞ்சினை நிறுத்தவில்லை. உன்னோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது.

கதைக்க விஷயமும் இருக்கிறது. நேற்று மகள் கனடாவிலிருந்து போன் எடுத்தாள். அவளுடைய அம்மா திரேசம்மா கண்ணை மூடியபிறகு நான் இங்கே தாழ்வுபாட்டில் தனியாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. என்னை அங்கே கூப்பிடப் பேப்பர் எல்லாம் சரியாகிவிட்டதாம், நான் ஓம் என்றால் போதுமாம். "அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம் அப்பா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிள்ளை அழுதுவிட்டாள் என்று நினைக்கிறேன். எனக்கும் மனம் சரியில்லை.

இதே கேள்வியை உன்னிடமும் ஒருவன் கேட்டான். உன் மூத்த மகன். இதே வளவில், இதே ஜீப்பின் பக்கத்தில் நின்று கேட்டான்.

நாங்கள் இளந்தாரிகளாய் இருந்தபோது நீ மீன் வியாபாரி, நான் வள்ளத்து மோட்டார் திருத்துகிறவன். உப்புக்குளத்தில் உன் மீன் வாடி. பிறந்த வீடும் காணியும் கொண்டச்சியில். உன் வாப்பா ஏலத்தில் எடுத்த இந்தப் பழைய ஜீப்பில்தான் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்று கரை முழுக்கப் போய் மீன் ஏற்றிக்கொண்டு வருவாய். நாலு சில்லும் இழுக்கிற வண்டி என்பதால் லொறிகள் புதைகிற மணலில் எல்லாம் நீ ஹோர்னை அடித்துக்கொண்டு போவாய். தேவையே இல்லாத இடத்திலும் அடிப்பாய். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வலைக்காரர்கள் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு வந்துவிடுவார்கள். உனக்கு அதில் ஒரு ராசா நினைப்பு.

தொண்ணூறில் உங்கள் ஆட்கள், முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, ஜீப் என் கொட்டிலில் நின்றது. றேடியேற்றர் ஒழுகுகிறது என்று அந்தக் கிழமைதான் கொண்டுவந்து விட்டிருந்தாய். சைக்கிளில் வந்து திறப்பை என் கையில் வைத்தாய். கற்பிட்டிப் பக்கம் போகிற வள்ளத்தில் உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்றாய். "வண்டியப் பாத்துக்கொள்" என்றாய். அவ்வளவுதான். அதற்கு மேல் கதைத்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம். நீ போனபிறகு நான் அழுதேன் என்பதை இப்போது சொல்லலாம்.

பாத்துக்கொள் என்று சொல்வது லேசு. அது வண்டி ஒன்றை வைத்திருக்கக்கூடிய காலமா? ஓடுகிற வண்டி என்று கண்டால் சண்டை பிடிக்கிற ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து யாராவது வந்து, "ஒருக்கா எடுத்துக்கொண்டு போய்த் தாறம்" என்பார்கள். அப்படிப் போன வண்டி எதுவும் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை. நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வேலையைத் தொடங்கினேன்.

முதலில் நல்லதை எல்லாம் கழற்றினேன். காபரேற்றர், ஸ்ரார்ட்டர், டைனமோ, கிளட்ச் பிளேட், கியர்பெட்டிக்குள் இருந்த பற்சில்லுகள், உன் அருமை ஹோர்ன். வள்ளத்துப் பலகைக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெயை இரண்டு தகரப் பரல்களில் ஊற்றி, அவ்வளவையும் அதற்குள் அமிழ்த்தி, மூடியை மெழுகால் அடைத்து, கோழிக்கூட்டுக்குக் கீழே குழி வெட்டித் தாட்டேன். எஞ்சினுக்குள்ளும் பிளக் துவாரங்களால் எண்ணெயை நிரப்பினேன். பிறகு சில்லுகளைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கொட்டிலிலிருந்து இழுத்து வேலியோரம் வெயிலில் போட்டேன். கடலால் வரும்போதெல்லாம் ஒரு வாளி கடல்தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன்.

ஊர் என்னைப் பேசாத பேச்சில்லை. சிநேகிதனின் வண்டியை இப்படி நாசமாக்குகிறானே என்றார்கள். திரேசம்மாவே ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. துருவேற ஏற எனக்கு நிம்மதி. சீற்றில் கோழி முட்டையிட்டது, கழுதைகள் வந்து உடம்பைத் தேய்த்துவிட்டுப் போயின. தேடி வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இது ஒன்றுக்கும் உதவாது என்று போனார்கள். இடையில் சண்டைக்குப் பயந்து நாங்களும் மடுக் கோயில் பக்கம் ஓடவேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஓடில்லை, கதவில்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. ஜீப் மட்டும் வேலியோரம் அப்படியே கிடந்தது. நான் பெருமைக்காரன் என்று நீ எப்போதும் சொல்வாய். ஓம் மச்சான், இதில் எனக்குப் பெருமைதான்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் நீ வந்தாய். தாடி நரைத்திருந்தது, மூச்சு வாங்கியது. கூட உன் மூத்தவன். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளை, நோன்புப் பெருநாள் முடிந்ததும் கட்டாருக்கு வேலைக்குப் போக இருந்தான். அதற்கு முதல் கொண்டச்சிக் காணியை விற்று முடிக்கவேண்டும் என்பது அவன் எண்ணம். நீ ஜீப்பைச் சுற்றி ஒருதரம் நடந்தாய். வண்டித் தரையைத் தொட்டாய், தகரம் அப்பளமாய் உடைந்து கையோடு வந்தது.

"ஒரு கிடுகாவது போட்டு மூடியிருக்கலாமே சூசை" என்றாய்.

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. நான் மண்வெட்டியை எடுத்தேன். கோழிகளைக் கலைத்துவிட்டு வெட்டத் தொடங்கினேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று உன் மகன் நினைத்திருப்பான். பரலின் மூடியைத் திறந்ததும் எழும்பிய நாற்றத்தில் அவன் வேலிப் பக்கம் ஓடினான். எண்ணெய் மேலே ஆடை கட்டித் தடித்திருந்தது. நீ மட்டும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, காபரேற்றரை எடுத்து, புதுச் சாரம் என்றும் பார்க்காமல் அதிலேயே துடைத்தாய். பித்தளை மினுங்கியது. நீ நிலத்தில் குந்திவிட்டாய். நான் ஏன் வண்டியைத் துருவேற விட்டேன் என்பது அப்போதுதான் உனக்கு விளங்கியது.

மகன் விடவில்லை. "வாப்பா, இரும்பு கிடக்கிறது பெரிய காரியமில்ல. அங்க போய்த் தனிய என்ன செய்யப் போறீங்க? அங்க நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டான். அவன் கேட்டதிலும் பிழையில்லை. நீ வருத்தக்காரன், மூச்சு இழுக்கிற ஆள்.

நீ அவனுக்கு ஒரு சொல் கொடுத்தாய். "பெருநாளுக்கு முதல் இந்த வண்டி என்னக் கொண்டச்சிக் காணிக்குக் கொண்டுபோய்ச் சேத்தா நான் அங்க வீடு கட்டுவன். சேக்காட்டி நீ சொல்ற மாதிரி காணிய வித்துப்போட்டு புத்தளத்திலயே கிடப்பன்" என்றாய். அவன் சிரித்துக்கொண்டு சம்மதித்தான். துருவைப் பார்த்தவன் எவனும் சம்மதிப்பான்.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலில் நடந்தது வேலையா, கூத்தா? நீ உப்புக்குளத்தில் திரும்பி வந்திருந்த உறவினர் வீட்டில் தங்கி நாள்தோறும் வந்தாய். வள்ளம் ஏற்றுகிறதைப்போல ஜீப்பைப் பனங்குற்றிகளில் ஏற்றினோம். சேசிச் சட்டத்தைச் சுரண்டச் சுரண்ட உள்ளே நல்ல இரும்பு தெரிந்தது. வண்டித் தரைக்குத் தகரப் பரலை வெட்டி வெல்டிங் செய்தோம். பிறேக்குக்கு வேண்டியதையும் ரயர்களையும் வவுனியாவிலிருந்து எடுப்பித்தோம். இறுகிய நட்டு ஒன்றைத் திருப்ப நான் ஓதாத செபம் இல்லை, நீ ஓதாத துஆ இல்லை. கடைசியில் இரும்பறுக்கிற வாளால் அறுத்தோம். நோன்பு தொடங்கியபிறகு நான் உனக்கு முன்னால் தண்ணீர் குடிக்க வெட்கப்பட்டு கிணற்றடிக்குப் போவேன். "சூசை ஒளிச்சிருந்து குடிக்கிறான்" என்று திரேசம்மாவிடம் கோள் சொல்வாய்.

எஞ்சின் பிடித்த நாளை மறப்பேனா? குழாயால் வந்த வெள்ளைப் புகை முழுக்க மீன் பொரிக்கிற மணம். ஊர்ப் பூனைகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டன. நீ ஏறியிருந்து கியரைப் போட்டு கிளட்சிலிருந்து காலை எடுத்தாய். எஞ்சின் கத்தியது, வண்டி அசையவில்லை. திரும்பப் போட்டாய். அசையவில்லை. நீ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய்.

"கிளட்ச் பிளேட்டையும் எண்ணெயிலயா போட்ட?"

ஓம், போட்டேன், ஒருநாள் நீ வரமுதல் நானே துடைத்துப் பூட்டியும்விட்டேன். வள்ளத்து மோட்டாரில் எண்ணெய் படக்கூடாத இடம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இரும்பைக் காப்பாற்ற எண்ணெயைத் தவிர வேறு என்ன தெரியும்? உரசிப் பிடிக்கவேண்டிய தகட்டை இருபது வருசம் சுறா எண்ணெயில் ஊறப்போட்ட ஒரே ஆள் நான்தான் என்று சொல்லி நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடிந்தபிறகுதான் இரண்டு பேருக்கும் பயம் வந்தது. பிளேட்டுக்குப் புதுத் தகடு ஒட்டுவித்து எடுக்க நாளாகும், பெருநாள் நெருங்கிவிட்டது. பிளேட்டைப் பெற்றோலில் கழுவினோம், அரத்தாளால் தேய்த்தோம், வெயிலில் காயவைத்தோம். மறுபடி பூட்டியபோது வண்டி பிடித்தது. வளவுக்குள் ஒரு சுற்று ஓடினாய். கோழிகள் சிதறின.

பெருநாளுக்கு முந்தின நாள் புறப்பட்டோம். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில், உன் மகன் பின்னால். கடற்பாலத்தைத் தாண்டி, அரிப்பைத் தாண்டி, சிலாவத்துறையும் தாண்டியாயிற்று. உன் முகத்தில் பழைய ராசா வந்து உட்கார்ந்துவிட்டான். கொண்டச்சிக்குத் திரும்புகிற மணல் பாதையில் இறங்கியதும் எஞ்சின் சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. சூட்டில் பிளேட் எண்ணெயைக் கக்கத் தொடங்கிவிட்டது. உன் காணியின் பூவரச மரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி நின்றேவிட்டது. நீ கியரை மாற்றி மாற்றிப் பார்த்தாய். நாலு சில்லும் சும்மா நின்றன.

உன் மகன் நல்ல பிள்ளை, வென்றுவிட்டேன் என்று அவன் காட்டிக்கொள்ளவில்லை. "பரவாயில்ல வாப்பா, இறங்குங்க" என்றுதான் சொன்னான். இருபது வருசம் பூட்டிவைத்ததை என் எண்ணெயே கெடுத்துவிட்டதே என்று இருந்தது. உன்னைத் திரும்பப் புத்தளத்துக்கு அனுப்பிவிட்டு நான் தனியே வீட்டுக்குப் போகவேண்டும்.

நீ இறங்கவில்லை. ஹோர்னில் கையை வைத்தாய். பழைய அடி, விட்டு விட்டு மூன்றுதரம்.

அந்தப் பக்கம் அப்போது திரும்பி வந்த சனம் தகரக் கொட்டில்களில் இருந்தது. கரையில் கரைவலைக்காரர் நின்றார்கள். முதலில் ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். பிறகு, "டேய், ஜீப்காரன்டா" என்று யாரோ சொன்னது கேட்டது. ஆட்கள் வந்தார்கள். கரைவலைக் கயிற்றைக் கொண்டுவந்து முன்னால் கட்டினார்கள். வலை இழுக்கிற பாட்டை எடுத்துக்கொண்டு, இடுப்பில் கயிற்றைப் போட்டு இழுத்தார்கள். நானும் கயிற்றைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் உன் மகன், சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இழுத்துக்கொண்டு வருகிறான். நீ மட்டும் இறங்காமல், ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, பூவரச மரத்தடிவரை அழுதுகொண்டே வந்தாய்.

அங்கே நிறுத்தியபிறகு, கயிறு கிழித்த கைகளை ஊதிக்கொண்டு மகன் ஒரு கடைசி நியாயம் சொல்லிப் பார்த்தான். "இது ஓடி வரல்லயே வாப்பா, இழுத்துத்தானே வந்தது."

நீ முகத்தைச் சாரத்தால் துடைத்துவிட்டுச் சொன்னாய்: "இழுக்க ஆள் இருக்கிற ஊருலதான், மகன், வீடு கட்டோணும்."

அவன் சிரித்துவிட்டு, எறிந்த சப்பாத்தைத் தேடப் போனான். கட்டாரிலிருந்து முதல் முதல் அனுப்பிய காசு உன் வீட்டுக் கூரைக்குத்தான். கிளட்சுக்குப் புதுத் தகடு போட்டோம், அதற்குப் பிறகு ஜீப் ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. நீ அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்தாய். கண் மங்கியபிறகு திறப்பைத் திரும்ப என் கையில் வைத்தாய். இந்தமுறை பாத்துக்கொள் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. உன்னை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போன அன்று, சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்க உன் மகன் தானே விலகி எனக்கு இடம் விட்டான். உன் பாரம் இன்னும் இந்த வலது தோளில் இருக்கிறது மச்சான். அது எனக்குப் பிடித்த பாரம்.

இப்போது மணல் பாதை தார்ப் பாதையாகிவிட்டது. ஆனாலும் அந்தத் திருப்பத்தில் நான் ஜீப்பை நிறுத்தி, விட்டு விட்டு மூன்றுதரம் ஹோர்ன் அடிக்காமல் போவதில்லை. யாராவது வருவார்கள். ஒன்றும் பழுதில்லை, சும்மா அடித்தேன் என்றால், அது தெரியும், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்பார்கள்.

நாளைக்கும் அங்கே நிற்பேன். முதலில் மகளுக்குப் போன் எடுப்பேன், முகம் தெரிகிற மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹோர்னை அடித்துவிட்டு, போனைப் பாதைப் பக்கம் திருப்பிப் பிடிப்பேன். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள் அல்லவா, வருகிறவர்களை அவளே பார்க்கட்டும்.