தம்பிலி அனுப்ப வேண்டாம்

கொழும்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

தனுஷன் எழுதுகிறேன். றக்வானையில் மழை விட்டதா? உங்கள் கால்வலி எப்படி?

போனில் சொன்னால் அழுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். சிறுநீர் சிவப்பாகப் போனதை நீங்கள் சூடு என்றீர்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் தந்தார்கள். பங்களாத் துரையின் பிள்ளைக்கும் அதைத்தான் தந்திருப்பார்களா? இங்கே ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளே சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்திருக்கிறதாம். எங்கே, எவ்வளவு என்று பார்த்தால் இனி எப்படிப் போகும் என்று ஓரளவு சொல்லலாமாம்.

"கொஞ்சம் அதிகமாத்தான் படிஞ்சிருக்கு தம்பி. மருந்த விட்டுறாதீங்க" என்றார் டாக்டர். அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

ஊசிக்குப் பிறகு அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் தண்ணீர் பருக்கினார். "புதே, அம்மா கோ?" மகனே, அம்மா எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறார் என்றேன்.

கொழும்புக்கு வரும் முக்தார் நானாவின் வேனில் தம்பிலி இளநீர் அனுப்பாதீர்கள், எனக்கு இப்போது ஆகாதாம். கொசுவுக்குப் போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று போதும்.

அடுத்த கிளினிக்குக்கு வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். வேலை கெடும், வராதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வாங்கம்மா.

தனுஷன்