கவுண்டரில் திறந்து கிடக்கும் உடம்புகள்

12.8.1996, மெர்லிமாவ்

தங்கை கலாவின் கல்யாணம் நின்றுவிட்டது. சிறுவயதில் அவளுக்கு வலிப்பு வந்ததை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னது, கிளினிக் கவுண்டரில் இருக்கும் சரசு அக்கா. இன்று நேரில் போய்ச் சண்டை போட்டேன்.

"அப்புறம் நோயாளிங்க விவரம் இருக்கிற கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு எதுக்குக்கா?"

"அது வெளியாளுக்கு, தம்பி. அவங்க நம்ம ஆளுங்க லா!"

"கலா வாழ்க்கை போச்சே!"

"ரொம்பக் குதிக்காதே. உனக்குப் பார்க்கிற பொண்ணைப் பத்தியும் உங்கம்மா கேட்டாங்க. போன வாரமே பார்த்துச் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன்.

"கேட்டா என்னடா தப்பு?" என்றார். கலா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன ஜனம் இது!

அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்கு இன்னும் தெரியாது. அவளுக்கு என்ன நோய் என்பது என் வீட்டுக்குத் தெரியும்.