உங்கள் கட்டைவிரல் படாத டார்ட்டு

வறுத்த மல்லாட்டைக் கடலை வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கும் நம் மகள் இந்த வருஷம் டார்ட்டு செய்தே தீருவேன் என்று அடம்பிடித்தாள். நீங்கள் போனதிலிருந்து இந்த நான்கு வருஷமாக நான் செய்யவே இல்லை.

உங்கள் தாத்தா வேலூரில் பாதிரியார் பங்களாவில் சமைத்தபோது துரைசானியிடம் கற்றுவந்த வெள்ளைக்காரப் பண்டம் அது. அங்கே பாதாம் பருப்பு. நம் வீட்டுக்கு வந்ததும் மல்லாட்டையும் வெல்லப்பாகும். பிசைவதும் இடிப்பதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பூரணம் வைத்து மூடிய பிறகு, சுற்றி ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துவது மட்டும் வீட்டுக்குப் பெரிய ஆண்பிள்ளையின் வேலை. தாத்தா வைத்த வழக்கம், உங்கள் அப்பாவுக்குப் பிறகு உங்களிடம் வந்தது.

“வருஷம் பூரா தோல் ஷாப்பு, ஒரு நாள் டார்ட்டு. நானும் பட்லர் பேரன்தான் மே!” என்பீர்கள். அன்றைக்கு மட்டும் பாடிக்கொண்டே வேலை செய்வீர்கள். கழுதையே தோற்றது போங்கள் என்று நான் கேலி செய்வேன்.

மகளைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வாத்தியார் வீட்டார் வந்த அன்று, டார்ட்டு செய்து வைக்கலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். விடிந்ததிலிருந்து கிணற்றடியில் புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி தின்ற நகம், ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிய விரல். அது புளிக்கா போகும்? மணையில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினீர்கள். நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“நீங்க வேணாங்க. கை நாறுது. படிச்சவங்க வர்றாங்க, இன்னா நெனைப்பாங்க?”

“செரி மே. நீயே அழுத்து.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் வாயாடி என்பது தெருவுக்கே தெரியும். ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால் நானும் திட்டித் தீர்த்திருப்பேன். நீங்கள் கையை மடித்த வேட்டிக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நானே தட்டைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தேன். “கை நோவுது மே” என்றீர்கள். மறு கிறிஸ்துமஸுக்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. குளிப்பாட்டியபோது அந்தக் கைகளை எல்லார் முன்னாலும் முத்தமிட்டேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் செய்ததில்லை. என்ன பிரயோஜனம்?

இன்று காலை மகள் தட்டை என்னிடம் தள்ளி, ஓரத்தை அழுத்தச் சொன்னாள். என்னால் முடியவில்லை. இத்தனை நாள் ஒளித்ததைச் சொல்லிவிட்டேன்.

“உங்கப்பா கை நாறுதுன்னு சொல்லிட்டேன்டி, உன்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு.”

அவள் நிமிரவில்லை. “தெரியும்மா. உள்ளே கேட்டுனுதான் இருந்தேன்.”

விரலில் ஒட்டிய மாவைத் தேய்த்து உதிர்த்தாள். பிறகு சொன்னாள்: “நீ சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சும்மா.”

சொல்லிவிட்டு அழுதாள் பாருங்கள், உங்களைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அந்தப் பாரத்தோடுதான் மாலையும் கழுத்துமாக நின்றிருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்திருப்பாள். அவளை மன்னித்துவிடுங்கள். அந்தப் பாவத்தில் என் பங்கை நானே வைத்துக்கொள்கிறேன்.