வெள்ளிக்கிழமைக்குள் ரேடியேட்டர்

பிப். 26, திங்கள்

பகலெல்லாம் புழுதிக் காற்று. கணக்குப் பரீட்சைக்கு ஒன்றும் படிக்கவில்லை. அப்பா வாடகைக்கு ஓட்டும் சொந்தக் கார் மறுபடி பட்டறையில். ரேடியேட்டர் ஒழுக்கு. போன மாதம் மஞ்சள்தூள் கரைத்து ஊற்றி அடைத்தது, பிய்த்துக்கொண்டது. வருஷக்கணக்காக ஊற்றியது உப்பான போர்வெல் தண்ணீர். அரிக்காமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை குளத்தூரில், மாமியார் வீட்டில், அக்காவுக்கு வளைகாப்பு. அன்றே பிரசவத்துக்கு இங்கே கோவில்பட்டிக்குக் கூட்டி வர வேண்டும். கால் இரண்டும் வீக்கம். அலையவிடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பயமாக இருக்கிறது.

பிப். 27, செவ்வாய்

பட்டறைக்குச் சோறு கொண்டுபோனேன். மெக்கானிக் மாமா சொன்னது:

கம்பெனி அளவில் செய்தது - பித்தளை, மூன்று வரிசைக் குழாய். மதுரையிலிருந்து சனிக்கிழமைதான் வரும்.

லோக்கல் - இரண்டு வரிசை. இன்றே மாட்டலாம்.

"லோக்கல் டவுனுக்குள்ள ஓடும். உச்சி வெயில்ல குளத்தூர் போய்ட்டு வாரதுன்னா தாங்காது, அண்ணாச்சி."

"வெள்ளிய விட்டா மாசியில நாளே இல்லடே. சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாவ?"

"மகளுக்கு நாள் பாத்திய, சரி. காருக்கும் ஒரு நாள் பாக்கப்படாதா?"

அப்பா சிரிக்கவில்லை. லோக்கல்தான். திரும்பும்போது, "ஏட்டி, அம்மாட்ட மூச்சு விடாத. கம்பெனிதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

பிப். 28, புதன்

அம்மா புது ரேடியேட்டருக்குக் குங்குமம் வைத்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன். எரிச்சல். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளினால் என்ன? வேறு காரில் போகலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். "சொந்தக் கார் வச்சிருக்கவன், மகள இன்னொருத்தன் கார்ல கூட்டிட்டு வரவா?"

படிப்பு ஓடவில்லை. ரசம் மட்டும் குடித்தேன்.

மார்ச் 1, வெள்ளி

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது விளாத்திகுளம் தாண்டி, கருவேலங்காட்டில், குபுகுபுவென்று ஆவி. "புதுசு, அப்படித்தான் இருக்கும்." ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, எடுத்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும். அக்காவுக்கு முகமெல்லாம் வேர்வை. நிழல் இல்லை.

"கம்பெனிதுதானே?" என்று அம்மா கேட்டாள். அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

"லோக்கல்மா. தாங்காதுன்னு மாமா அன்னைக்கே சொன்னாவ."

நானா சொன்னேன்? அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அவள ஏம்ப்பா அடிக்க வாரீய?" என்று அக்கா நடுவில் வந்தாள். பிறகு தானே ரோட்டுக்குப் போய், கை நிறைய வளையலோடு, கோவில்பட்டி பஸ்ஸை மறித்தாள்.

"முன் சீட்டு, எந்திரிங்கய்யா. பிள்ளத்தாச்சி ஏறுதாவ" என்றார் கண்டக்டர்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். நான் பார்த்தேன். அப்பா பலகாரத் தூக்குகளோடு, காருக்குப் பக்கத்தில்.

ராத்திரி, வீட்டில். அக்கா அசந்து தூங்குகிறாள். கால் வீக்கம் அப்படியேதான். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

தெருவில் செருப்புச் சத்தம். கார் சத்தம் இல்லை. நான்தான் கதவைத் திறக்க வேண்டும்.