ஆறாவது துளை

திண்டிவனம்,
9-11-1986, ஞாயிறு, காலை 5.40.
இன்று வரை செய்து கொடுத்த ரிவால்வர் உறை 212. சரியில்லை என்று திரும்பி வந்தது 0. சரியில்லாமலே ஒருத்தி கட்டிக்கொண்டு திரிவது 1.

அன்பு மகள் ஜெயத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நானும் நலம், மழைதான் மூன்று நாளாக விடவில்லை. அங்கே நீ நலமா என்கிற வரியை இந்தத் தடவை எழுதப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், தூத்துக்குடியில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த ஏழு மாதமும் அப்படித்தான் எழுதினாய், அது பொய் என்று வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்துபோயிற்று. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. நீ தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாயாம், அவளும் நீ பஸ் ஏறிய பிறகு ஒரு ராத்திரி முழுக்கக் காப்பாற்றிப் பார்த்தாள், காலையில் காபியை வைத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள், இன்னா என்று கேட்டேன், அழுதுவிட்டாள். உனக்கு எண்ணெய் தேய்க்கும்போது வலது விலாவுக்குக் கீழே நாவற்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்ததைப் பார்த்தாளாம், பழையது மஞ்சளாக ஆறிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதியது. எதனால் என்று கேட்டதற்கு நீ முதலில் மேஜையில் இடித்துக்கொண்டேன் என்றாயாம். பிறகுதான் அப்பா செய்த உறை என்று சொன்னாயாம். நான் நம்பவில்லை, உள்ளதை எழுதுகிறேன், அம்மாவிடம்தான் எரிந்து விழுந்தேன், 212 பேரில் ஒருத்தனும் குத்துகிறது என்று சொல்லவில்லை, இவள் மட்டும் என்ன அதிசயம், பெல்ட்டைக் கோணலாகக் கட்டியிருப்பாள் என்றேன். அம்மா, அந்த 212 பேரும் யார் என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. உன்னைத் தவிர அத்தனை பேரும் ஆம்பளைகள். உனக்குத் தெரியும், நான் வேலை செய்கிற விதம் எப்படி என்று. விழுப்புரம் சப்-இன்ஸ்பெக்டர் சக்கரபாணி நாலு வருஷத்துக்கு முன்னே தன் ரிவால்வரைக் காலி பண்ணிக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார், கீழே வைக்க மாட்டேன் என்றார், நானும் வைக்கச் சொல்லவில்லை, அவர் கையில் இருந்தபடியே வெர்னியர் வைத்து அளந்து, ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மர மாதிரி செதுக்கிப் பழகிய கைதானே, தேக்கில் ஒரு துப்பாக்கி செதுக்கினேன். அதன் மேல் ஈரத் தோலைப் போர்த்தி எலும்புத் தகட்டால் அமுக்கி அமுக்கி உருவம் எடுப்பதுதான் இன்றைக்கும். உனக்கு ஏப்ரலில் செய்த 187-ம் நம்பரும் அதே மரத் துப்பாக்கியில் எடுத்ததுதான். உள்ளே துப்பாக்கி அசையாது, இழுத்தால் வரும், விட்டால் உட்காரும். அதில் தப்பே இல்லை. துப்பாக்கியை அரை மில்லிமீட்டர் வரைக்கும் அளந்த மடையன் அதைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணை அளக்கவில்லை. ஆம்பளைக்குப் பெல்ட்டுக்குக் கீழே உடம்பு சுவர் மாதிரி நேராக இறங்குகிறது, உறை நேராகத் தொங்கும். உனக்கு அங்கே இடுப்பெலும்பு வெளியே வருகிறது, அது குழல் பக்கத்தை வெளியே தள்ளும், அப்போது பிடிப்பக்கம் கிணற்று ஏற்றம் மாதிரி உள்ளே சாய்ந்து விலாவில் ஏறும். ஜீப்பில் உட்கார்ந்தால் இன்னும் ஏறும். இதைக் கண்டுபிடிக்க ஐ.டி.ஐ. படிப்பு வேண்டியதில்லை, ஒரு தடவை உன்னைக் கட்டச் சொல்லி உட்கார வைத்திருந்தால் போதும். நான் பாக்ஸில் போட்டுக் கொடுத்தேன், நீ தொட்டுக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாய், நாம் இரண்டு பேருமே அதோடு விட்டுவிட்டோம்.

நேற்று முழு நாளும் கடையை விட்டுவிட்டு இதைத்தான் பார்த்தோம். உன் உடம்பு வாகு அம்மாவுக்குத்தான், அதனால் காலை எட்டு மணிக்கு அவளையே கட்டச் சொன்னேன், சேலை மேல் பெல்ட், பெல்ட்டில் 187 மாதிரியே ஒரு உறை, அதில் தேக்குத் துப்பாக்கி, எடைக்காக உள்ளே ஈயம் ஊற்றியது. இரண்டு நிமிஷம் நின்றால் போதும், பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள், நிற்கிறது எனக்கு வேலையா, நான் கட்டிக்கொண்டே இருக்கிறேன், நீங்க உங்க அளவை அளங்க என்று சொல்லிவிட்டுப் போய் மாவு ஆட்ட உட்கார்ந்தாள். மல்லாட்டைக் கடலை வறுத்தாள், குனிந்து பாத்திரம் கழுவினாள், பம்பு அடித்தாள். பத்து மணிக்குச் சல்லடை திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்நாயகி வாசற்படியில் ஏறின காலை அப்படியே நிறுத்திக்கொண்டாள். இன்னாக்கா, மாமாவை வாயால திட்டினு இருந்தது பத்தலையா, இதுவும் வேணுமா என்றாள். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை, ஆட்டுக்கல்லை நிறுத்தாமலே சொன்னாள்:

"எம் பொண்ணு ஏழு மாசமா கட்டினு கீறா. நான் ஒரு நாளாச்சும் கட்டிப் பாக்கறேன்டி."

தையல்நாயகி சல்லடையை வைத்துவிட்டு உட்கார்ந்து அவளுக்கு மாவு தள்ளிக் கொடுத்தாள். பதினொன்றரைக்கு அம்மா கூப்பிட்டுக் காண்பித்தாள், உனக்கு இருக்கிற அதே இடத்தில் சிவந்து கன்றியிருந்தது. மூன்றரை மணி நேரம். நீ ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கட்டுகிறாய். நான் பெருக்கிப் பார்க்கவில்லை. (சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விருத்தாசலம் பெண்டாட்டிக்கும் போலீஸில் வேலை கிடைத்துவிட்டது என்று பேச்சு, எதிர் வீட்டுக் கண்ணையன் சைக்கிளை நிறுத்தி சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.)

மத்தியானமே புதியதாக ஒன்று வெட்டினேன். பெல்ட்டிலிருந்து இரண்டு அங்குலம் கீழே தொங்குகிற மாதிரி, மேல்பக்கத்தில் மட்டும் உறைக்கும் தொங்கு பட்டைக்கும் நடுவே தோல் துண்டுகளை அடுக்கி ஒரு ஆப்பு, மேலே தடிமன், கீழே வர வர மெலிசு. அது பிடிப்பக்கத்தை உடம்பை விட்டு வெளியே சாய்க்கும். சும்மா பச்சையாகக் கட்டித்தான் பார்த்தோம், அம்மா நாலு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் இருந்தாள், விலாவில் ஒன்றுமில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் குழல் முனை நாற்காலியில் முட்டி உறை மேலே எழும்புகிறது. ஆகவே இரண்டு அங்குலம் சரியா, ஒன்றரையா என்பது உன் அளவு இல்லாமல் தெரியாது. அம்மாவை விட நீ உயரம்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம், சீக்கிரம் எழுதி முடிக்கிறேன். புதன்கிழமை நீ பெல்ட்டையும் காலி உறையையும் எடுத்து வந்து, ஒன்றுமில்லைப்பா, பட்டன் லூஸாக இருக்கிறது, அது மட்டும்தான் என்றாய். பெல்ட்டைப் பிரித்தேன், நான் போட்ட ஐந்து துளையும் தாண்டி ஆறாவதாக ஒரு துளை, ஆணியால் குத்தியது, ஓரமெல்லாம் பிய்ந்து நார் நாராக இருந்தது. நான் என்ன கத்தினேன் என்று உனக்கே தெரியும். பஞ்ச் வைத்திருக்கிறவன் மகள் ஆணி எடுத்தால் ஊரில் யார் என்னை மதிப்பான் என்றேன், யூனிபார்ம் போட்டால் போதாது கையில் ஒழுங்கு வேண்டும் என்றேன். நீ, அவசரத்துக்குப் போட்டதுப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுக் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது, பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினால் உறை கொஞ்சம் தழைந்து விலாவை விட்டு இறங்கும், உனக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தத் துளைதான். நான் என்ன செய்தேன், ராத்திரியே உட்கார்ந்து புதிய பெல்ட் தைத்து, அழகாக ஐந்தே ஐந்து துளை போட்டு, மெழுகு தேய்த்துப் பளபள என்று கையில் கொடுத்து அனுப்பினேன். பழையதை வெட்டியும் போட்டுவிட்டேன். நீ அதையும் தொட்டுக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாய். ஜெயம், வெளியாள் ஒருத்தன் என்றால் உறையை என் முகத்தில் விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பான், நானும் சரி செய்து கொடுத்திருப்பேன், அதுதான் தொழில். பெற்ற பெண் வலியோடு அதைக் கட்டிக்கொண்டு, அப்பா மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது. என் மனசு உன் விலாவை விடப் பெரிசா?

ஆகவே இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே, அடுத்த வேலை பார்க்காமல், புதிய பெல்ட்டில் ஆறாவது துளையைப் போடு. ஆணியாலேயே போடு. தளர்த்தினால் கூட்டத்தில் உறை ஆடும், எவன் கையாவது பட்டால் தெரியாது, அதனால் துப்பாக்கியைப் பிணைக்கிற லேன்யார்டு கயிற்றைத் தோளில் மாட்டாமல் வெளியே காலடி வைக்காதே. 22-ம் தேதி மந்திரி வருகிற பந்தோபஸ்துக்கு நீ காலை ஆறிலிருந்து நிற்க வேண்டும் என்று சொன்னாய், அதற்குள் புதிய உறை உன் இடுப்பில் இருக்கும். எனக்கு நாலு அளவு வேண்டும். டேப் வேண்டாம், டேப்பை ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி பிடிப்பார்கள். நாலு நூல் எடுத்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு அனுப்பு. சிவப்பு நூல், நிற்கும்போது பெல்ட்டின் மேல் விளிம்பிலிருந்து கடைசி விலா எலும்பு வரை. பச்சை, பெல்ட்டின் கீழ் விளிம்பிலிருந்து இடுப்பெலும்பு அதிகமாகத் துருத்துகிற இடம் வரை. கறுப்பு, நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டிலிருந்து உட்காருகிற பலகை வரை. வெள்ளை, வலது கையைத் தொங்கவிட்டுப் பெல்ட்டிலிருந்து கட்டைவிரல் நுனி வரை. நீயே குனிந்து அளந்தால் எல்லாம் மாறிப்போகும், கூட இருக்கிற காவலர் பெண் யாரையாவது அளக்கச் சொல். டிரங்க் கால் போட்டுப் போனிலேயே கேட்கலாம் என்று அம்மா சொன்னாள், உன் ஸ்டேஷன் ரைட்டரிடம் உன் இடுப்பளவைக் கத்திக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மற்றபடி இங்கே விசேஷம், விக்கிரவாண்டியிலிருந்து வேங்கடேசன் மாமா வந்திருந்தார், உனக்கு ஒரு வரன் சொன்னார், பையன் வீட்டில் பெண் போலீஸ் என்பதற்கு ஒன்றும் சொல்லவில்லையாம், அப்பன் வீட்டிலேயே தோல் வேலை செய்கிறானே என்றுதான் இழுக்கிறார்களாம். இழுக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், அம்மாவுக்கு வருத்தம், உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு என்றால் எழுது. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி, பிடுங்க வா என்றால் வர மாட்டேன் என்கிறாள், வலியை மறைக்கிற வழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. அங்கே உப்புக் காற்று, துப்பாக்கியை உறையிலேயே விட்டுவிட்டுத் தூங்காதே, துடைத்துத் தனியாக வை. கன்றின இடத்தில் ஒத்தடம் கொடு, தேங்காயெண்ணெய் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. நூலை மறக்காதே.

எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன் தலை மேல் எப்போதும் உண்டு, நன்றாக இரு கண்ணு.

உன் அப்பா,
ஆ. விருத்தாசலம்

இனி நான் செய்யப்போவதைக் கையெழுத்துக்குக் கீழேயே எழுதிவிடுகிறேன், நீயும் தேதி வைத்துச் சரி பார்த்துக்கொள்.

1. இன்று ஞாயிறு, இங்கே தபால் எடுக்க மாட்டான். எட்டு மணி பஸ்ஸில் விழுப்புரம் போய் ஜங்ஷனில் ரயில் தபால் ஆர்.எம்.எஸ். பெட்டியில் இதைப் போடுவேன்.

2. அப்படியே சக்கரபாணியைப் பார்த்து, இனிமேல் உறை வேண்டும் என்கிறவர் யாரானாலும் துப்பாக்கியை மட்டும் அனுப்பக் கூடாது, ஆளும் வந்து உட்கார்ந்து எழுந்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

3. பதினைந்தாம் தேதி வரை நூலுக்குக் காத்திருப்பேன். வரவில்லை என்றால் அம்மா அளவிலேயே தைத்து, ஆப்பை மட்டும் அங்கே வந்து உன் அளவுக்கு ஒட்ட வைத்துக்கொள்வேன்.

4. மழை விட்டாலும் விடாவிட்டாலும் பதினேழும் பதினெட்டும் நிழலில் ஃபேன் போட்டுக் காய வைப்பேன். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். அம்மா காவல் இருக்கிறாள்.

5. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நானே எடுத்துக்கொண்டு புறப்படுவேன், பார்சலை நம்பவில்லை. அம்மாவும் வருகிறாள்.

6. உன்னைக் கட்டச் சொல்லி, உட்காரச் சொல்லி, ஜீப்பில் ஏறி இறங்கச் சொல்லி, வலிக்கிறதா என்று கேட்பேன். இல்லப்பா என்று நீ சொன்னால் அம்மாவை உள்ளே அனுப்பிப் பார்த்து வரச் சொல்வேன். வலிக்குதுப்பா என்று சொன்னால் உன் வாசலிலேயே உட்கார்ந்து பிரித்து மறுபடி தைப்பேன், நீ எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை தடவை.