முழங்கால் உயரச் செம்பருத்தி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

முதலில் என் எழுத்தை மன்னித்துவிடு. வரி பாதியில் மேலே ஏறுகிறது, பிறகு சரிந்து இறங்குகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனால் இதை யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நானே எழுதுகிறேன். நீ மகள் வீட்டுக்குப் போன மறுவாரமே நூலக மாடியில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை. இப்போது தாராளமாகச் சிரி.

நான் நலம். நலமில்லை என்று உனக்குச் செய்தி வந்திருக்கும். மகன் அனுப்பிய படத்தையும் பார்த்திருப்பாய். வாசலில் ஐந்து செம்பருத்தி, ஐந்தும் முழங்கால் உயரக் குச்சி. "அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது, இனிமே தனியா விட முடியாது" என்று போனில் சொன்னானாம். மகளும் ஆமாம் போட்டாளாம். என் புத்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடந்ததை என் வாயாலேயே கேள்.

கிளம்பும்போது, "தண்ணி மட்டும் ஊத்துங்க, கத்தரிக்கோலைத் தூக்கிக்கிட்டு என் செடிகிட்ட போகாதீங்க" என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் கடையில் தலைமுடி வெட்டிய கைக்கு ஐந்து செடி எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுற்றி வந்து நுனியை நறுக்கினேன். கிருதா ஒதுக்குவது போல ஓரம் ஒதுக்கினேன். தள்ளி நின்று, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தேன். பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன மாமா, செடிக்கு ஷேவிங்கும் உண்டா?" என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை.

மூன்று மாதம் ஒரு பூ இல்லை. வெளியே சுவர் மாதிரி இலை. விலக்கிப் பார்த்தால் உள்ளே வெறும் குச்சியும் மாவுப்பூச்சியும்.

நூலகத்தில் பூச்செடி வளர்ப்பு பற்றி ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. என் வாழ்நாளில் படித்த முதல் புத்தகம். நான்கு பக்கத்துக்குப் பதினோரு நாள் ஆயிற்று. செம்பருத்தி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும் என்று அதில் இருந்தது. வாராவாரம் நான் வெட்டிக் குப்பையில் போட்டது உன் பூக்களைத்தான்.

அதன் பிறகுதான் முறையாகச் செய்தேன். செத்த குச்சிகளை அடியோடு அறுத்தேன். நடுவில் வெயில் இறங்க வழி விட்டேன். மீதியை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினேன். கணு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் கிளை போகுமாம். இது புத்தி கெட்டவன் செய்கிற வேலையா, நீயே சொல்.

மறுநாள் மகன் வந்து படம் எடுத்தான். நான் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அடுத்த வாரம் ஒரு பத்திரத்தோடு வந்தான், கூடவே என் கட்டைவிரலுக்கு ஒரு மைப்பெட்டி. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிப்பா, கைநாட்டு வெச்சாப் போதும்" என்றான். நான் படிப்பது அவனுக்குத் தெரியாது. வைத்துவிட்டுப் போ என்றேன். நான்கு நாள் விரல் வைத்துப் படித்தேன். இந்த வீட்டை விற்க நாம் இருவரும் சம்மதிக்கிறோமாம். அப்படியானால் நான் அவனுடைய அடுக்குமாடியில், நீ மகளோடு. நடுவில் இரண்டு நாள் பயணம்.

அவன் கெட்டவன் இல்லை, பயப்படுகிறான். நான் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது என்கிறான். நியாயமான கேள்விதான். அதற்காகப் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்று.

கைநாட்டு வைக்கச் சொன்ன இடத்தில், 'சம்மதம் இல்லை' என்று எழுதி, கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்பப்பா கத்துக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டான். ஆனாலும் விடமாட்டான். புதிதாக ஒன்று எழுதி உனக்கு அனுப்புவான்.

அதில் உன் கையெழுத்துக்கும் இடம் இருக்கும். மகள் வீட்டில் உனக்கு வசதி, பேரப்பிள்ளையைத் தினமும் தூக்கலாம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என்னால் தனியாக முடியவில்லை என்று நினைத்து மட்டும் கையெழுத்துப் போடாதே. என்னால் முடிகிறது. சமைக்கிறேன், துவைக்கிறேன். எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை இரவில் என்று சீட்டைப் பார்த்து நானே போட்டுக்கொள்கிறேன்.

குச்சிகளில் துளிர் விட்டிருக்கிறது. வாசற்படி ஓரத்துச் செடியில் ஒரே கணுவில் மூன்று. ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ள வேண்டுமாம். எதை விடுவது என்று புத்தகத்தில் இல்லை. நான் தொடவில்லை. அது உன் செடி.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் எழுத உட்காருவேன். அதற்குள் நீ கிளம்பிவிட்டால், அந்தக் கடிதத்தை நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
இந்த வீட்டிலேயே இருக்கும்
உன் வீட்டுக்காரன்