கடைசிக்கு முந்தின மடை

திருப்பதி,
5.1.2025

அன்புள்ள வள்ளி அக்காவுக்கு,

இங்கே மகள் ஹரிதா வீட்டில் நானும் அவரும் இருக்கிறோம். கொட்டகைச் சுவர் மேலே விழுந்து முறிந்த அவர் இடுப்பு இன்னும் சேரவில்லை. படுத்தபடியே, "மாட்டுக்குத் தண்ணி வெச்சியா?" என்று கேட்கிறார். மாடு அந்தச் சுவருக்கு அடியிலேயே செத்ததை எத்தனை தரம் சொல்வது?

போன் செய்தால் மகள் பக்கத்தில் நிற்கிறாள், அதனால்தான் கடிதம். "ஊரே சேந்துக்கினு உங்க மேல தண்ணிய திருப்பி வுட்டாங்கோ. வீட்ட வித்துடு" என்கிறாள். எனக்கு யார் மேலும் கோபமில்லை. வாய்க்கால் முழுக்க நடந்து எல்லா மடையையும் திறந்து மூடிய முனிகிருஷ்ணன் போனபிறகு, அவரவர் மடையை அவரவர் பார்ப்பது என்று நாம்தானே பேசிக்கொண்டோம்? அந்த மழையில் பதினோரு பேரும் தங்கள் நாற்று அழுகக்கூடாதென்று தங்கள் மடையை மூடினார்கள். அத்தனை தண்ணீரும் கடைசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருமென்று யார் கண்டார்கள்?

எங்களுக்கு மேல் வயல் உன்னுடையது. நீ இருக்கிற தைரியத்தில் திரும்பி வர நினைக்கிறேன். வா என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை மாதிரி,
சுலோசனா

நகரி,
20.1.2025

சுலோசனாவுக்கு,

வா என்று எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. பொங்கல் பானைகூட வைக்கவில்லை.

மற்றப் பத்து பேருக்கும் தங்கள் வயல் மட்டும்தான் தெரிந்தது. எனக்கு மாடி இருக்கிறது. அன்று காலை ஏறிப் பார்த்தேன். மேலே பத்து மடையும் மூடியிருந்தது. தண்ணீர் உன் கொட்டகையைத் தொட்டதும், உன் வீட்டுக்காரர் கோவர்த்தனன் மாட்டை அவிழ்க்க ஓடியதும் தெரிந்தது. என் மடை ஒன்றுதான் திறந்திருந்தது. இறங்கிப் போய் மண்வெட்டி எடுத்து மூடினேன்.

ஹரிதா சீமந்தத்துக்கு வளையல் தட்டோடு வந்தவளை, எல்லார் எதிரிலும் "நீ உள்ள இரு அக்கா" என்றாயே. அப்போது தாலி இறங்கி நாலு மாதம் எனக்கு; இருபது வருஷமாகிறது. என் பேரன் பரணி பிறந்த வருஷம், வைகாசி, வெள்ளிக்கிழமை. சிவப்பு வளையல், இரண்டு டஜன். மண்ணை வெட்டிப் போடும்போது, "நீயும் உள்ளயே இருடி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஹரிபாபு வந்து விசாரித்தபோது, "எல்லாரும் மூட்னாங்கோ, நானும் மூட்னேன்" என்றேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போனான். அதுதான் தாங்கவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

பாவி,
வள்ளியம்மாள்

திருப்பதி,
9.2.2025

வள்ளியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

சீமந்தத்தன்று வாசலில் என் நாத்தனார் செங்கமலம், "தாலியறுத்தவ வளையல் போட்டா நாங்க எழுந்து போய்டுவோம்" என்று நின்றாள். அது உங்கள் காதில் விழக்கூடாதென்றுதான் உள்ளே இருக்கச் சொன்னேன். அவளோடு சண்டை போட்டு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், நீங்கள் பின்வாசல் வழியே போயிருந்தீர்கள். உள்ளே இருந்த உங்களுக்கு நான் சொன்ன அந்த ஒரு பேச்சுதான் எட்டியது. ஹரிதா கையில் முதலில் ஏறியது உங்கள் சிவப்பு வளையல்தான். இருபது வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டார். உங்களிடம் இருக்கும் சாவியை ஹரிபாபுவிடம் கொடுத்துவிடுங்கள்.

வாங்குகிறவர் சூளூர்பேட்டைக்காரர், நம் மடைகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். மழை வந்தால் மாடி ஏறிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கோ. சுலோசனா